யார் வீட்டு அரிசி

என் புருஷன் கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். நாலு பக்கம், வெள்ளிக்கிழமை தோறும் வரும். முதல் பக்கத்தில் சுரங்கச் செய்தியும் தொழிற்சங்கச் செய்தியும். இரண்டாவதில் கல்யாணம், சாவு, காணாமல் போன மாடு. கடைசிப் பக்கம் முழுக்க விளம்பரம். மூன்றாவது பக்கத்தில் 'புதுக்கடை' என்று ஒரு பத்தி இருந்தது. ஊரில் யார் புதிதாக என்ன தொழில் தொடங்கினாலும், எந்த மிஷின் வந்து இறங்கினாலும் அதில் எழுதுவோம். எழுதுவோம் என்று நான் சொல்வதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. எழுதியது அவர் கை, பார்த்தது என் கண்.

அவர் நேரில் போனால் கடைக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்பார். கடையைக் காட்ட மாட்டார், தன்னைக் காட்டுவார். நான் கூடையோடு போனால் ஏதோ வாங்க வந்தவள் என்று இருந்துவிடுவார்கள். ஐஸ் ஃபேக்டரி வந்தபோது அங்கே தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று பார்த்து வந்தவள் நான். ரேடியோ ரிப்பேர் கடையில் பெஞ்சின் மேல் இருந்த ஏழு ரேடியோவில் நாலு வெறும் பெட்டி என்று கண்டுபிடித்ததும் நான்தான். வீட்டுக்கு வந்து சொல்வேன். அவர் எழுதி, எனக்குப் படித்துக் காட்டி, "விட்டது ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். இருந்தால் சொல்வேன். இல்லையென்றால் தலையாட்டுவேன். பத்தொன்பது வருஷம் பத்திரிகை நடந்தது. மற்றப் பக்கங்களுக்குத் திருத்தம் போட்டிருக்கிறோம். 'புதுக்கடை'க்கு ஒரு திருத்தம் போட்டதில்லை.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பத்திரிகை அச்சான பிறகு ஈய எழுத்துகளைப் பிரித்து அதனதன் கட்டத்தில் போடுவது என் வேலை. அப்படித்தான் எழுத்து தெரிந்தது. ஈயத்தில் எழுத்து இடம் வலம் மாறி இருக்கும். அதனால் வெகுநாள் வரைக்கும் எனக்குத் தாளில் இருப்பதைவிட ஈயத்தில் இருப்பதுதான் சுலபமாகப் படிக்க வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. எழுத்து தெரிந்த பல பேருக்குக் கண் தெரியாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் எங்கள் ஊருக்கு முதல் கிரைண்டர் வந்தது. மாவாட்டுகிற மின்சார மிஷின். அதுவரைக்கும் கடைத்தெரு வீடானாலும், சுரங்கத் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடானாலும் ஆட்டுக்கல்தான். அதைக் கொண்டுவந்தது மாவு மில் முதலாளி இல்லை, ஜவுளிக்கடைக்காரர் இல்லை. ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் ஒரு லைன் வீட்டில் இருந்தவள், ஒரு சுரங்கத் தொழிலாளியின் பெண்சாதி. கோயமுத்தூர் போய்ப் பார்த்து, பேசி, ரயிலில் ஏற்றிக் கோரமண்டல் ஸ்டேஷனில் இறக்கி, மாட்டுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். லைன் வீட்டு மின்சாரத்தில் மோட்டார் ஓட்டச் சுரங்கக் கம்பெனி விடாது. அதனால் கடைத்தெரு முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். கரண்டு கொடுக்க மாதக்கணக்கில் அலைய விட்டார்கள். அவளும் அலைந்தாள்.

அவள் புருஷனுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. பதினெட்டு வருஷம் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில், அந்த இரும்புக் கூண்டில் ஏறி, ஆழத்து லெவலில் பாறை உடைத்தவர். நுரையீரலில் கல்தூள் இறங்கிவிட்டது, இனிமேல் கீழே போனால் நாளை எண்ண வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிரைண்டர் ஓடினால் அவர் கீழே போக வேண்டாம். ஓடாவிட்டால் போக வேண்டும். அவள் தொழில் தொடங்கியதற்குக் காரணம் அது ஒன்றுதான். ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

கிரைண்டர் ஓடியது. நன்றாகவே ஓடியது. அதற்கு அவள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள். கடைத்தெரு வீட்டுப் பெண்கள் காலையில் அரிசியும் உளுந்தும் ஊறவைத்துக் கொண்டுவருவார்கள். லைன் வீட்டுப் பெண்கள் பகல் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதுவதற்கு முன், மத்தியானம் வருவார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்காது. நடுவில் கல்லை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுவாள். அவள் சாதிக்காரர்கள் கை தொட்டதைக் கடைத்தெருவில் சாப்பிடுவார்கள். லைனில் பாதி வீட்டார் கை தொட்டதைச் சாப்பிட மாட்டார்கள். அந்த வீட்டு அரிசியும் இதே கல்லில்தான் அரைபடுகிறது என்று கடைத்தெருவில் தெரியாதவர் யாரும் இல்லை. கேட்டவரும் யாரும் இல்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த ஏற்பாடு. நானும் கேட்காமல் என் அரிசியை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் எங்கள் வீட்டில் விருந்தாளி. காலையில் அனுப்ப மறந்து மத்தியானம் நானே போனேன். லைன் பெண்கள் நாலு பேர் பெஞ்சில் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்தார்கள். அவள் அவர்களை உட்காரச் சொன்னாள்.

"அக்கா, அஞ்சாவது ஆளு நீங்க."

"எனக்கு அவசரம்மா. வீட்ல ஆளுங்க வந்திருக்காங்க."

"வரிசைன்னா வரிசைதான்க்கா. இன்னா செய்றது," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பெஞ்சில் இருந்த கிழவி ஒருத்தி, "பத்திரிகைக்காரம்மாவ நிக்க வெச்சிட்டியே, நாளிக்கு உன்னைப் பேப்பர்ல போடப் போறாங்க," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நின்றேன். என் பாத்திரம் ஐந்தாவதாகத்தான் போனது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து மாவு மில் முதலாளி எங்கள் அச்சுக்கூடத்துக்கு வந்தார். கடைத்தெருவில் கேழ்வரகும் மிளகாயும் அரைக்கிற மில் அவருடையது. எங்கள் கடைசிப் பக்கத்தில் மேல் பாதி வாராவாரம் அவர் விளம்பரம். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

"அந்தம்மா கிரைண்டரு பத்திப் 'புதுக்கடை'யில இன்னும் வரலியே?"

"வரும். முறை வரணும்," என்றார் என் புருஷன்.

"நல்லா எழுதுங்க. பொம்பளை, தைரியமா தொழில் பண்றாங்க. புகழ்ந்தே எழுதுங்க. ஆனா விவரமா எழுதுங்க."

"இன்னா விவரம்?"

"யார் யார் வீட்டு அரிசி வருது, எந்த நேரத்துல வருது. கல்லு எத்தினி? ஒண்ணு. அவ்ளோதான். நான் இன்னா பொய்யா எழுதச் சொல்றேன்?"

முதலாளி மேஜைமேல் கிடந்த போன வாரத்துப் பத்திரிகையை எடுத்தார். தன் விளம்பரம் மேலே தெரிகிற மாதிரி மடித்தார். என் புருஷன் முன்னால் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "வரேம்மா," என்று போனார்.

அவர் போன பிறகு என் புருஷன் வெகுநேரம் அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் யோசனை கேட்கிற மனுஷர் இல்லை அவர். அன்றைக்குக் கேட்டார்.

"இன்னா செய்யலாம்?"

"பொய் இல்லியே," என்றேன்.

அவர் அதைத்தான் கேட்க ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். நான் ஏன் சொன்னேன் என்றும் எனக்குத் தெரியும். அந்தப் பெஞ்சின் சிரிப்பு எனக்குள் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை போனேன். பத்திரிகைக்கு எழுத வந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவள் பெஞ்சை முந்தானையால் துடைத்து உட்கார வைத்தாள். பக்கத்துக் கடையிலிருந்து காப்பி வாங்கி வரச் சொன்னாள். மூலையில் அவள் புருஷன் உட்கார்ந்து மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு லீவு. இருமிவிட்டு நிமிர்ந்து வணக்கம் சொன்னார்.

"இவரு யாருன்னு எழுதிக்கோங்கக்கா. நம்ம மேனேஜரு," என்றாள். "சம்பளம் வேளைக்கு மூணு இட்லி."

"நேத்து ரெண்டுதான் குடுத்தா. அதையும் எழுதிக்கோங்க," என்றார் அவர்.

அவள் மிஷினின் ஒவ்வொரு பாகமாகக் காட்டினாள். கல் எத்தனை சுற்று சுற்றும், பெல்ட் அறுந்தால் என்ன செய்வாள், உளுந்துக்கு எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னாள். சொல்லும்போது மாவைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தாள். கையை எடுக்க வேண்டிய இடத்தில் சரியாக எடுத்தாள். வேலை தெரிந்தவள். அதை நான் அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்க மாட்டேன்.

"இந்த மாசக் கடைசியோட கேஜ்ல ஏறுறது முடிஞ்சிதுக்கா. டைம் ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துட்டாரு," என்றாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள், சத்தமாகச் சொன்னால் கெட்டுவிடும் என்கிற மாதிரி.

நான் கேட்டேன். "எந்தெந்த வீட்டு அரிசிம்மா வருது?"

கை நின்றது. "அதெல்லாமா பேப்பர்ல போடுவாங்க?"

"பெரிய வீட்டுப் பேரெல்லாம் வந்தா உனக்குத்தான் கௌரவம்."

"லைன் வீடுங்களும் வருதேக்கா."

"அதுவும் கௌரவம்தான். ஊரே உன் கிட்ட வருதுன்னு தெரியுமே."

மூலையிலிருந்து அவர், "வேணாம்மே. கடை பேரு வந்தா போதும்," என்றார்.

"நீ சும்மா இரு. அக்கா நம்ம வாடிக்கை. அக்காவுக்குத் தெரியாதா இன்னா போடணும்னு," என்றாள்.

பிறகு சொல்ல ஆரம்பித்தாள். நகைக்கடை வீடு, இரண்டு ஜவுளிக்கடை வீடு, மருந்துக்கடை வீடு, கோயில் தர்மகர்த்தா வீடு. ஸ்கெலட்டனில் எத்தனை லைன், கோரமண்டலில் எத்தனை லைன். காலையில் இவர்கள், மத்தியானம் அவர்கள். ஒன்றும் விடவில்லை. விரல் மடக்கி எண்ணிச் சொன்னாள். அவ்வளவு வீடு தன்னிடம் வருகிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்த மாதிரி, கடைசி விரலை மடக்கும்போது அவள் முகம் பளபளத்தது.

நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். வீட்டில் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். என் புருஷன் எழுதினார். கடைசியில் அவராக ஒரு வாக்கியம் சேர்த்தார். மேற்படி வீடுகளின் அரிசியும், மேற்படி லைன்களின் அரிசியும் பேதமின்றி ஒரே கல்லில் அரைபடுவது இக்கடையின் பெருமை என்று. படித்துக் காட்டி, "விட்டது ஏதாவது இருக்கா?" என்றார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. சனிக்கிழமை காலையில் கொட்டகைப் பெஞ்சில் ஒருத்தரும் இல்லை. நான் காய்கறி வாங்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். மிஷினைத் துடைத்து, சாம்பிராணி போட்டு, பத்திரிகையில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். அதன் பக்கத்தில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜவுளிக்கடை வீட்டம்மாவிடம் அன்று சாயங்காலம் பேச்சுக் கொடுத்தேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியாதுன்னு யார் சொன்னா? இப்ப எம் மாமியாருக்கு எழுத்துக்கூட்டிப் படிச்சிக் காட்டிட்டாங்களே. இனிமே தெரியாதுன்னு எப்டிச் சொல்றது? கிழவி மூணு வாட்டி தலைக்குத் தண்ணி ஊத்திகினா."

லைன் வீடுகளாவது வரும் என்று அவள் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சங்கத்துப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். கேட்டவர்களுக்கு ஒரே கல் என்பது காதில் ஏறவில்லை. காலையில் கடைத்தெரு, மத்தியானம் லைன் என்பதுதான் ஏறியது. அன்றைக்கு என்னைப் பார்த்து எழுந்த அந்த இரண்டு பேரில் ஒருத்தி கொட்டகைக்கு வந்து வாசலிலேயே நின்று கேட்டாளாம்.

"காலைல அவங்களுக்கு, மத்தியானம் எங்களுக்கு. நாங்க இன்னா மிச்சம் மீதியா? மூணு தண்ணி ஊத்திக் கழுவுறியே, அது எங்க அரிசிக்கு முன்னாடியா பின்னாடியா?"

அவள் வாயால் சொல்ல முடியாத பதில் அது. அந்த வாரம் முழுக்கக் கல் சுற்றவில்லை. எங்கள் வீட்டிலும் ஆட்டுக்கல்லை இழுத்துப் போட்டேன். ஊரெல்லாம் நிறுத்தும்போது நான் மட்டும் அனுப்ப முடியுமா? உள்ளங்கையில் கொப்புளம் போட்டது.

புதன்கிழமை அவள் அச்சுக்கூடத்துக்கு வந்தாள். கதவிலிருந்து பிய்த்து எடுத்த தாளைக் கையில் வைத்திருந்தாள். பசை காய்ந்து பின்பக்கம் மரத்தூள் ஒட்டியிருந்தது. நான் எழுத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவளைப் பற்றிய பத்தியை அச்சடித்த அதே எழுத்துகள்தான்.

"சார், இதை மாத்தி எழுத முடியுமா?"

"தப்பு இருந்தா திருத்தம் போடலாம்மா," என்றார் என் புருஷன். "எது தப்புன்னு சொல்லு."

அவள் தாளைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"தப்பு இல்லீங்க."

"அப்ப எதைத் திருத்துறது?"

"மாசக் கடைசிக்கு எட்டு நாள்தான் இருக்குது சார். அதுக்குள்ள ஜனங்க வரலைன்னா அவரு மறுபடியும் கீழ போவணும்."

என் புருஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும் மறுபடி துடைத்தார். அவள் என் பக்கம் திரும்பினாள். எட்டி நின்றுதான் பேசினாள்.

"கௌரவம்னு சொன்னீங்களேக்கா."

நான் கையிலிருந்த எழுத்தைக் கட்டத்தில் போட்டேன். அடுத்ததை எடுத்தேன். என் ஆயுளில் நான் பத்திரிகைக்காகச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அது அச்சில் ஏறவில்லை. அதனால் அதற்குத் திருத்தம் போடவும் வழியில்லை. அவள் தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மாதக் கடைசியில் அவர் டைம் ஆபீஸில் போய்த் தன் பெயரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். சேர்த்துக்கொண்டார்கள். கேஜில் ஏறுகிற ஆட்கள், "மேனேஜர் வராரு, வழி விடுங்கப்பா," என்று கேலி செய்ததாக எங்கள் அச்சு மிஷினில் டிரெடில் மிதிக்கிற ஆள் வந்து சொன்னான். கொட்டகைச் சொந்தக்காரர் வாடகை வராததால் பூட்டுப் போட்டார். கிரைண்டரை மாவு மில் முதலாளி எடுத்துக்கொண்டார். பழைய இரும்பு விலைக்கு எடுத்தார்.

ஆடி கழிந்து ஆவணியில் அவர் மில்லுக்குப் பக்கத்திலேயே கிரைண்டர் வைத்துத் திறந்தார். கல்லை மஞ்சள் தண்ணீரில் கழுவி, கற்பூரம் காட்டி, தர்மகர்த்தாவை அழைத்து முதல் ஈடு ஆட்டினார்கள். 'புதுக்கடை'க்கு முறை வந்தது. நான் கூடையோடு போனேன்.

கல்லுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மாவு தள்ளிக்கொண்டிருந்தவள் அவள்தான். முதலாளி கூலிக்கு வைத்திருந்தார். அந்த மிஷினின் போக்கு தெரிந்த ஆள் ஊரில் வேறு யாரும் இல்லை. அவளைப் பார்த்ததும் நான் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. வேலையை அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை எனக்கு.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"அவரு?"

"செகண்ட் ஷிப்ட்டு."

"எழுத வந்திருக்கேன்."

"கேளுங்க."

மோட்டார் கேட்டேன், சொன்னாள். நேரம் கேட்டேன், சொன்னாள். கை நிற்கவில்லை. எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தது, தள்ள வேண்டிய இடத்தில் தள்ளியது. முதலாளி எட்டு அடி தூரத்தில் மூட்டைமேல் கை வைத்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"யார் வீட்டு அரிசி வருதுன்னு கேக்கலியேக்கா?" என்றாள்.

"அதெல்லாம் இன்னாத்துக்கும்மா இப்ப," என்றார் முதலாளி.

அவள் அவர் பக்கம் பார்க்கவே இல்லை. "எல்லார் வீட்டுதும் வருது. காலைல முன்வாசல், மத்தியானம் பின்வாசல். கல்லு ஒண்ணுதான். அதே கல்லு. நடுவுல மூணு தண்ணி. எழுதிக்கோங்க, கௌரவம்தானே."

சத்தம் போடவில்லை. மாவுக்குத் தண்ணீர் தெளிக்கிற குரலிலேயே சொன்னாள். பெஞ்சில் ஜவுளிக்கடை வீட்டம்மா பாத்திரத்தோடு உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து என் புருஷனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் தண்ணீர், கற்பூரம், தர்மகர்த்தா, மோட்டார், நேரம். அவர் எழுதினார். எட்டு வரி வந்தது. படித்துக் காட்டினார்.

"விட்டது ஏதாவது இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு யாரும் திருத்தம் கேட்கவில்லை. மேல் பாதி விளம்பரம் அடுத்த வாரத்திலிருந்து முழுப் பக்கமானது. அவள் புருஷன் மூன்று வருஷம் கீழே போய் வந்தார். பிறகு படுத்தார். சாவுச் செய்தி இரண்டாவது பக்கத்தில் இரண்டு வரி. அந்த எழுத்துகளையும் நான்தான் பிரித்துப் போட்டேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, அந்த எட்டு வரி வந்த மறுநாள் காலையிலேயே, நான் என் அரிசியை ஊறவைத்து எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனேன். எனக்கு முன்னால் மூன்று பேர். என் பாத்திரத்தை வாங்கி, வரிசைப்படி நாலாவதாக வைத்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு நைசாக இருந்தது.